வெறுங்கையோடு திரும்பியவன்

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு இருப்பதே, தேன் பாட்டிலைச் சுற்றப் போன ஒரு காகிதத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. 1979, ஐப்பசி மாதம். நெல்லிவாசல்நாட்டில் மலைப் பொருள் வாங்கும் சங்கத்தில் நான் எடை கிளார்க். புளி, கடுக்காய், தேன், சீயக்காய் என்று எது விளைந்தாலும் என் தராசில் ஏறித்தான் கீழே இறங்க வேண்டும். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். பி.யூ.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்ட கோபால்சாமியாகிய எனக்கு, கண்ணமங்கலத்து அண்ணன்மார் இருவரும் ஆளைப் பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை அது. தினமும் என் மூஞ்சியில் விழிக்காமல் இருக்க அவர்களுக்கு ஒரு மலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பாட்டில் சுற்றுவதற்காக வேலூரிலிருந்து பழைய பேப்பரைக் கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். அந்தக் கட்டில் வழவழப்பான இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று இருந்தது. படத்தில் தொப்பி போட்ட ஒரு தொந்திக்காரன், உருளைக் கட்டையைத் தோளில் சாய்த்தபடி, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி நின்றிருந்தான். காசில்லாத அணி எப்படிக் காசுள்ள அணிகளோடு சரிக்குச் சமமாக நிற்கிறது என்று தலைப்பு. மழை பிடித்துக்கொண்டு சரக்கு ஏற்றும் ஜீப் வராத ஒரு வாரம் முழுக்க டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். பி.யூ.சி.க்கு அப்படிப் படித்திருந்தால் மலைக்கே வந்திருக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். எங்கோ ஒரு தொழிற்சாலை ஊரில் ஓர் ஏழை அணி. நன்றாக அடிக்கிறவனை எல்லாம் பணக்கார அணிகள் கொத்திக்கொண்டு போய்விடும். மிச்சம் மீதியை வைத்து ஆட வேண்டும். அந்த அணியின் மேனேஜர் உட்கார்ந்து யோசித்தான். பந்தை வானத்துக்கு அடிக்கிறவனுக்குத்தான் எல்லாரும் கை தட்டுகிறார்கள். ஆனால் ஓர் அணியின் ஆட்டம் முடிய இருபத்தேழு அவுட் ஆக வேண்டும். அந்த இருபத்தேழுதான் கையிருப்பு. கண்டபடி கட்டையை வீசாமல், கெட்ட பந்து நாலை அடிக்காமல் விட்டு, அதற்குக் கிடைக்கும் சலுகையில் அவுட் ஆகாமல் முதல் மூலையில் போய் நிற்கிறவன் கையிருப்பைக் காப்பாற்றுகிறான். அவனுக்கு யாரும் கை தட்டுவதில்லை. ஆகவே அவனை யாரும் கொத்திக்கொண்டு போவதுமில்லை. மேனேஜர் அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துப் பொறுக்கினான். தொந்திக்காரன் அதில் ஒருத்தன்.

எங்கள் மலையிலும் ஓர் அணி இருந்தது. கபடி அணி. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஆலங்காயத்தில் நடக்கும் போட்டிக்கு அரை நாள் நடந்து இறங்குவார்கள். முதல் ஆட்டத்தில் தோற்பார்கள். மறுபடி அரை நாள் நடந்து ஏறுவார்கள். அங்கே ஜெயிப்பது எப்போதும் புளிமண்டி அணிதான். அவர்களுக்கு நம்பர் போட்ட பனியன், காலையில் பால், இரண்டு முட்டை, கால் பிடித்துவிட ஓர் ஆள் என்று ராஜ உபசாரம். எங்கள் ஆட்களுக்குத் தார்ப்பாய்ச்சிய வேட்டியும், துணியில் முடிந்த கேழ்வரகுக் களியும்தான். எங்கள் ஆட்கள் என்று இப்போது சொல்கிறேன். அதுவரை அவர்கள் யாரோ, நான் யாரோ.

சங்கத்து வராந்தாவில் மழைக்கு ஒதுங்கியிருந்த அணிக்காரர்களுக்கு அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். கேப்டன் வடிவேலு ஒன்றரைக் கண்ணன். அவன் யாரைப் பார்க்கிறான் என்று எதிராளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"இன்னா சார், இது நம்ம கிட்டிப்புள்ளு மாரியே இருக்குது. புள்ளுக்குப் பதிலா பந்து, அவ்ளோதான?" என்றான்.

"கிட்டிப்புள்ளோ எதுவோ, அத வுடுப்பா. அவன் சொல்றது நமக்குப் பொருந்துதான்னு பாரு. நம்மள்ல யாரு அவுட்டே ஆகாதவன்?"

எல்லாரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வராந்தா மூலையைப் பார்த்தார்கள். அங்கே முனியன் கடுக்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.

கபடி கபடி என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு எதிராளியின் பக்கம் போவதை எங்கள் பக்கம் பாடிப் போவது என்பார்கள். போனவன் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தால் சூரன். பிடிபட்டால் போச்சு. முனியன் இரண்டிலும் சேர்த்தியில்லை. போவான், உள்கோட்டைத் தாண்டிக் கால் வைப்பான், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பான், யாரையும் தொட மாட்டான், யாரிடமும் பிடிபடவும் மாட்டான், திரும்பி வந்துவிடுவான். "முனியன் கடைக்குப் போய்ட்டு வந்தான்டா" என்று கேலி செய்வார்கள். ஆள் குறைந்தால் மட்டும் அவனைச் சேர்ப்பார்கள்.

"அவன எறக்கு. ஒவ்வொரு ஆட்டத்துலயும் பாதி தடவ அவன்தான் பாடிப் போவணும்" என்றேன்.

"போய்? வெறுங்கையோட வருவான் சார்."

"வரட்டும். புடிபட்டா அவனுங்களுக்கு ஒரு பாயிண்டு. அவுட் ஆன அவனுங்க ஆளு ஒருத்தன் உள்ள வருவான். நம்ம ஆளு ஒருத்தன் வெளிய போவான். இது ஒண்ணும் இல்லாம திரும்பி வர்றதே நமக்கு லாபம்தான?"

வடிவேலு ஒரு கண்ணால் என்னையும் ஒரு கண்ணால் மழையையும் பார்த்து யோசித்தான். பிறகு, "வேட்டைல கண்டில நிக்கறவன் மாரி" என்றான். அவன் சொன்னதும் மற்றவர்கள் தலையாட்டினார்கள். மலையில் கூட்டமாக வேட்டைக்குப் போகும்போது, இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருக்கும் சந்தை அடைத்துக்கொண்டு ஒருவன் நிற்பான். அந்தச் சந்துக்குத்தான் கண்டி என்று பேர். பன்றி அந்தப் பக்கமே வராமல் போகலாம். அவன் நாள் முழுக்கச் சும்மா நின்றதாகத்தான் இருக்கும். ஆனாலும் பங்கு பிரிக்கும்போது அவனுக்கும் அம்பு விட்டவனுக்கும் ஒரே அளவுக் கூறுதான். நான் ஒரு வாரம் டிக்‌ஷனரி புரட்டிக் கண்டுபிடித்தது அவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கட்டுரையின் கடைசியில் இன்னொரு பத்தியும் இருந்தது. இப்படிப் பொறுக்கியெடுத்த ஆளின் அருமை ஊருக்குத் தெரிந்ததும் பணக்கார அணி வந்து அவனை அழைத்துக்கொண்டு போய்விடுமாம். போகிறவனைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டு மேனேஜர் அடுத்த ஆளைத் தேடுவானாம். எனக்கு அந்தப் பத்தி பிடிக்கவில்லை. படித்துக் காட்டாமல் மூடி வைத்துவிட்டேன்.

ஆட்டக் கணக்கு எடுக்க ஆள் வேண்டுமே. நான் ஆட்டம் தொடங்கினால் கத்துவேன், குதிப்பேன், கணக்கை விட்டுவிடுவேன். முனியனின் மனைவி செல்லி அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மடியில் புளியங்கொட்டையையும் கடுக்காயையும் வைத்துக்கொள்வாள். ஒருவன் திரும்பி வந்தால் அவன் பேருக்கு ஒரு புளியங்கொட்டை, பிடிபட்டால் ஒரு கடுக்காய். ஏழு பேருக்கு ஏழு குவியல். சொந்தப் புருஷன் என்று ஒரு கொட்டை கூடுதலாக வைத்தவள் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவள் குவியல் குவியலாகச் சொல்ல, நான் நோட்டில் ஏற்றுவேன். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பையில் போட்டுக்கொள்வாள். அடுத்த ஆட்டத்துக்கு அதே கொட்டைகள்தான்.

அந்தப் பொங்கலுக்கு ஆலங்காயத்தில் அரையிறுதி வரை போனோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "இவருதான் மலை டீமு மேனேஜரு" என்று என்னைக் காட்டி இன்னொருவரிடம் சொன்னார். எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. அதுவரை என்னைக் காட்டி யாரும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. டீயை எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஒரு வருஷம்தான் என் வாழ்க்கையில் நல்ல வருஷம். சாமை அறுத்த வயலில் கோடு கிழித்து ஆடினோம். சங்கத்துக் கதவைப் பூட்டியதும் ஓடுவேன். தூரத்திலிருந்தே வடிவேலுவின் குரல் கேட்கும், புழுதி தெரியும். சீயக்காய் மூட்டையின் நெடியும் வேர்வையும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது அடித்தால் நின்றுவிடுகிறேன். ஆட்டம் முடிந்து களியை உருட்டிக் காந்தாரி மிளகாயோடு தின்போம். கண்ணமங்கலத்தில் என் கல்யாணப் பேச்சு நடந்தது. ஆட்டம் இருக்கிறது, இப்போது வர முடியாது என்று கடிதம் போட்டேன். பெரியண்ணன் பதிலே போடவில்லை.

முனியன் அதிகம் பேச மாட்டான். செல்லி பேசுவாள். அந்த மார்கழியில் ஒருநாள் கணக்குச் சொல்லி முடித்த பிறகு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சார், வாணியம்பாடி போற வழில ஒரு நூல் மில்லு இருக்குதாமே. கபடி ஆடறவங்களுக்கு வேல குடுக்கறாங்களாமே."

"குடுப்பாங்க. ஏன்?"

"லைன் வூடு தருவாங்களாம். பக்கத்துலயே ஆஸ்பத்திரியாம்." தலையைக் குனிந்துகொண்டாள். "அஞ்சு மாசம் சார். மொத கொழந்த டோலில எறக்கறப்பவே பூட்டுது. ரெண்டாவதுக்கு மழ, டோலி தூக்கவே ஆளு வர முடியல. இந்த ஒண்ண கீழ பெத்துக்கணும் சார். அவருக்கு அந்த வேல கெடச்சா போதும். வேற ஒண்ணும் வாணாம்."

சரக்கு ஜீப் எப்போதாவதுதான் வரும்; அவசரத்துக்கு டோலிதான், மூங்கிலில் கட்டிய போர்வை. அதில் படுக்க வைத்து நாலு பேர் மாறி மாறித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். "பாக்கலாம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

1981 பொங்கலுக்கு இறங்கினோம். அரையிறுதியில் ஜெயித்துவிட்டோம். மறுநாள் பிற்பகல் மண்டி அணியோடு இறுதி ஆட்டம். அரையிறுதி முடிந்ததும் மைக்கில் சொன்னார்கள்: நூல் மில்லின் கோச் வந்திருக்கிறார், நாளைக் காலையில் ஆட்களைப் பார்ப்பார், இரண்டு இடம் காலி. செல்லி கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

காலையில் மைதானத்துக்குப் போகும் வழியில் முனியன் என்னோடு சேர்ந்து நடந்தான்.

"சார், இன்னா பண்ணட்டும்?"

அவன் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. தொட்டு ஆடட்டுமா, வழக்கம்போல ஆடட்டுமா என்று கேட்கிறான். தொடத் தெரியாதவன் இல்லை அவன். கை நீளம். நான்தான் ஒரு வருஷத்துக்கு மேலாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கியிருந்தேன். "இன்னிக்கு மட்டும் தொடு முனியா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"எப்பவும் போல ஆடு" என்றேன்.

அவன் எப்பவும் போல ஆடினான். ஒவ்வொருவருக்கும் பத்து தடவை. முனியன் பத்து தடவை போனான், பத்து தடவையும் வந்தான். அங்கங்கே பொறுக்கிச் சேர்த்த ஏழு பேர் எதிரில் நின்றார்கள். ஒருவன் விரல்கூட அவன்மேல் படவில்லை. அவன் விரலும் யார்மேலும் படவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் ஏழாவது தடவையிலிருந்து ஊளையிட ஆரம்பித்தார்கள். முனியன் எங்கள் பக்கம் பார்த்தான். தான் சரியாகத்தான் செய்கிறோம் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் இருந்தது.

கோச் நல்ல மனுஷர். திட்டவில்லை. "மூச்சு நல்லா இருக்குப்பா. ஆனா பூன மாதிரி போற, பூன மாதிரி வர்ற. ஒரு எலிகூட மாட்டலியே" என்றார். மண்டி அணியில் ஒருவனுடைய பேரை எழுதிக்கொண்டார். இன்னோர் இடத்துக்கு இங்கே ஆள் இல்லை, வேறு ஊரிலும் பார்க்க வேண்டும் என்று எழுந்தார்.

அப்போதுதான் செல்லி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். அவ்வளவு ஆண்கள் நடுவில் வயிற்றைச் சேலையால் மூடிக்கொண்டு அவர் எதிரில் நின்றாள்.

"சார், இவரு புடிபட மாட்டாரு சார். ரெண்டு பொங்கலா நான் எண்றேன். எரநூறு தடவைக்கு மேல போயிருக்காரு. பத்து தடவகூட புடிபடல."

கோச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "அப்படியாம்மா? எங்க எழுதி வெச்சிருக்கு?"

"எங்க கிளார்க்கு சார் நோட்டுல இருக்குது." என் பக்கம் திரும்பினாள். "சார், காட்டுங்க சார்."

என் தோளில் காக்கிப் பை தொங்கியது. அதற்குள் நோட்டு இருந்தது. பிற்பகல் இறுதி ஆட்டம். முனியன் போய்விட்டால் மலை டீம் இல்லை, மலை டீம் மேனேஜரும் இல்லை, மறுபடி தராசும் நானும்தான். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்றால் அதுவும் பொய். வாய் முந்திக்கொண்டது.

"நோட்டு மேல வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேம்மா."

செல்லி பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்றாள். கோச் பதினோரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இறுதி ஆட்டத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் ரொம்ப நாள் பேசினார்கள். முனியன் பதினாலு தடவை பாடிப் போனான். பதினாலு தடவையும் வெறுங்கையோடு வந்தான். பால் குடித்து வளர்ந்த மண்டி ஆட்கள் அவனைத் துரத்தித் துரத்தி ஓய்ந்துபோனார்கள். கடைசி அரை நிமிஷம் இருக்கும்போது அவர்கள் ஒரு பாயிண்ட் முன்னால். அவர்களில் பாதிப்பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். வடிவேலு போனான். யாரைப் பார்க்கிறான் என்று தெரியாமல் அவர்கள் முழிக்க, இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் என்று இரண்டு பேரைத் தட்டிவிட்டு வந்து விழுந்தான். விசில் ஊதிவிட்டார்கள். இருபது, பத்தொன்பது.

கூட்டம் வடிவேலுவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. முனியன் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான். என்னையும் இரண்டு பேர் தூக்கினார்கள். ஒரு வருஷமாக அந்த நிமிஷத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். மேலே இருந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் கோட்டோரத்தில் உட்கார்ந்து கொட்டைகளைப் பையில் அள்ளிக்கொண்டிருந்த செல்லியின் தலை மட்டும்தான். இறக்கிவிடச் சொன்னேன்.

பரிசு ஒரு கிடா. மஞ்சள் பூசி, மாலை போட்டு, மேளத்தோடு கொடுத்தார்கள். அதை ஓட்டிக்கொண்டு மலை ஏறினோம். வழியெல்லாம் பாட்டு. நான் எல்லாருக்கும் பின்னால் வந்தேன். கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பாறைமேல் கிடாவை அறுத்துக் கூறு போட்டார்கள். வேட்டைக்குப் போய் வந்தால் எப்படிப் பிரிப்பார்களோ அப்படியே. மந்தாரை இலைகளை வரிசையாகப் போட்டு, வடிவேலு ஒவ்வொரு துண்டாகக் கையில் தூக்கிப் பார்த்து வைத்தான். ஆடிய ஏழு பேர், வெளியே உட்கார்ந்த இரண்டு பேர், கணக்கெடுத்த செல்லி, நான். பதினோரு கூறு. வேட்டைக்குக் கூட வந்த நாய்க்கும் பங்கு உண்டு. என் அண்ணன்மார் அங்கே இருந்திருந்தால், நாய்க்கான பங்கைத்தான் தம்பிக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு நான் மறுத்திருக்க மாட்டேன்.

என் பங்கைச் செல்லிதான் எடுத்து வந்தாள். சங்கத்து வாசலில் நின்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஈரல் துண்டு உங்களுக்குத்தான் வெக்கணும்னு அவரு சொன்னாரு" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பி நடந்தாள், இடுப்பில் கையை ஊன்றி, மெதுவாக, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து. அந்த இலையை மேஜைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சமைக்க முடியவில்லை. எறியவும் முடியவில்லை. கடைசியில் எழுந்து, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சங்கத்தைப் பூட்டினேன். வேலை நாளில் சங்கத்தைப் பூட்டியது அதுதான் முதல் தடவை. நேராக முனியன் வீட்டுக்குப் போனேன்.

"கெளம்பு முனியா. மில்லுக்குப் போவணும்."

எதற்கு என்று கேட்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஆலங்காயம் வழியில் பாதி தூரம் இறங்கினோம். ஒரு சுனை ஓரத்தில் நின்றேன்.

"முனியா, நேத்து நோட்டு என் பைலதான் இருந்துச்சு."

"தெரியுங்க சார்."

"தெரியுமா?"

"செல்லி சொல்லிச்சு. நோட்டு அட்டையோட முனை வெளிய தெரிஞ்சுதாம்."

"அப்ப அங்கியே கேட்டிருக்கலாமே? நாலு பேரு முன்னாடி என் பையப் புடுங்கிக் காட்டியிருக்கலாமே?"

"நீங்க வெக்கப்படுவீங்கன்னு வுட்டுட்டா சார்."

"நேத்து காலைல தொட்டு ஆடுன்னு நான் சொல்லாததும் வேணும்னுதான்."

அவன் சுனையில் முகத்தைக் கழுவினான். அது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். துண்டால் மெதுவாகத் துடைத்துக்கொண்டான்.

"இவ்ளோ பண்ணவனுக்கு எதுக்குடா ஈரலு?" என்றேன். கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

முனியன் என்னை ஒரு வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "கூட வந்தவங்களுக்குப் பங்கு இல்லாம எப்படி சார்?" என்றான். பிறகு, "நேரமாவுது, பஸ்ஸு பூட்டா கஷ்டம்" என்று முன்னால் நடந்தான்.

மில் வாசலில் காவல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கோச்சைப் பார்த்தோம். அவர் நோட்டை முதலில் பாதி மனசோடுதான் புரட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வோர் ஆட்டமும், ஒவ்வொருவன் பேரும், போனது, வந்தது, பிடிபட்டது. முனியன் பேருக்கு நேராக இரண்டு பொங்கலுக்கும் சேர்த்துப் போனது இருநூற்றுப் பதினாலு, பிடிபட்டது ஒன்பது.

"இந்த மாதிரி எண்ணணும்னு யாருய்யா சொல்லிக் குடுத்தாங்க?" என்றார்.

"ஒரு தொந்திக்காரன் சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்குத் தெம்பில்லை.

அன்று சாயங்காலம் மில் அணியை நிறுத்தி வைத்து முனியனை அரை மணி நேரம் பாடிப் போகச் சொன்னார். அவன் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பார்த்தான். "தொடு முனியா" என்றேன். எட்டு பேரைத் தொட்டான். ஒரு தடவைதான் பிடிபட்டான். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

தை முடியும் முன்பே செல்லியை ஜீப்பில் ஏற்றி அனுப்பினோம். தட்டுமுட்டுச் சாமான்கள், இரண்டு கோழி, ஒரு கேழ்வரகு மூட்டை. வடிவேலு என்னோடு பத்து நாள் பேசவில்லை. "நல்லாத்தான சார் ஆடிக்கினு இருந்தோம்" என்று பதினோராவது நாள் சொன்னான். ஆமாம் என்றேன். நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வருஷத்தை இன்னொரு தடவை தருகிறேன் என்று யாராவது சொன்னால், என் பென்ஷனையும் பல்செட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவேன்.

மறு பொங்கலுக்கு ஆலங்காயத்தில் முதல் ஆட்டத்திலேயே எங்களுக்கு எதிரில் வந்தது மண்டி அணி. முனியன் இடத்தில் புதுப் பையனை விட்டிருந்தோம். போன ஒவ்வொரு தடவையும் பிடிபட்டான். முப்பத்தொன்றுக்கு எட்டு. கூட்டம் பாதியிலேயே கலைய ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் என்னைத் தூக்கியவர்களில் ஒருவரே என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நான் கோட்டோரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தோத்துட்டீங்களா சார்?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. செல்லி. வாணியம்பாடி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். முனியனுக்கு ஷிப்ட்டாம், வரவில்லை. நான் பதில் சொல்வதற்குள், கொஞ்சம் புடிங்க என்று இடுப்பிலிருந்ததைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் புடவையை உதறினாள். பெண் குழந்தை. ஒன்பது மாசம் இருக்கும், நல்ல கனம். கூட்டத்தின் சத்தத்துக்குப் பயப்படாமல் என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. நான் அதைத் தடுக்கவில்லை. மைதானத்தில் விசில் ஊதி அடுத்த ஆட்டத்துக்கு ஆள் கூப்பிட்டார்கள், எங்கள் ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

எத்தனையோ ஆட்டம் தோற்றிருக்கிறோம். அதில் எனக்குப் பிடித்த ஆட்டம் அதுதான்.